நார்த்தாம்ப்டன் ஷூ கம்பெனிங்க தாங்குமா? நடு விலை ஷூ எங்க போச்சு?

தோல்வாசம்:
மக்களே, ரொம்ப நாளா மனசுல ஓடிக்கிட்டே இருக்கற விஷயம், இங்க தோல் வேலை தெரிஞ்சவங்க நிறைய பேர் இருக்கீங்கன்னு நம்பி ஆரம்பிக்கறேன். இங்கிலாந்துல நார்த்தாம்ப்டன்னு ஒரு ஊரு, அத சுத்தி கெட்டரிங், ரஷ்டன், டெஸ்பரோ, ஏர்ல்ஸ் பார்ட்டன், வொல்லஸ்டன்னு சின்னச் சின்ன ஊருங்க. நூத்துக்கணக்கான வருஷமா அந்த ஏரியாவோட பொழப்பே ஷூதான். 1642லயே அயர்லாந்துக்குப் போற படைக்கு 4,000 ஜோடி ஷூ, 600 ஜோடி பூட்ஸ்னு இவங்ககிட்டதான் ஆர்டர் போயிருக்கு. உள்ளூர் ஃபுட்பால் டீமை இன்னிக்கும் காப்ளர்ஸ், அதான் செருப்பு தைக்கறவங்கன்னுதான் கூப்பிடறாங்க. ட்ரிக்கர்ஸ் 1829, சர்ச்சஸ் 1873, க்ராக்கெட் அண்ட் ஜோன்ஸ் 1879, லோக்கும் பார்க்கரும் 1880, எட்வர்ட் க்ரீன் 1890, எல்லாம் இங்கயே பொறந்து இங்கயே ஓடிட்டு இருக்கற பேருங்க.

இதெல்லாம் செத்துட்டு இருக்குன்னு பத்து வருஷமா எல்லாரும் எழுதறாங்க, எனக்கு அதுல பாதிதான் சம்மதம். ஏன்னா உச்சில இருக்கறவங்க தப்பிச்சிட்டாங்க. ஆயிரம் பவுண்டுக்கு மேல குடுத்து எட்வர்ட் க்ரீன், ஜான் லாப் வாங்க டோக்கியோலயும் நியூயார்க்லயும் ஆளு இருக்கு. அடியில இருந்தது மொத்தமா ஆசியாவுக்கு வந்துருச்சு. செத்தது நடுவுல இருந்தது. ஒரு ஸ்கூல் வாத்தியார், பேங்க் குமாஸ்தா, ரயில்வே ஆபீசர் சம்பளத்துல மிச்சம் புடிச்சு ஒரு நல்ல வெல்ட் ஷூ (சோலை ஒட்டாம, ஒரு தோல் பட்டை வச்சுத் தைச்ச ஷூ) வாங்கி பத்து பதினஞ்சு வருஷம் சோல் மாத்தி மாத்திப் போட்டாரே, அந்த ஷூ. அது போனதுதான் உண்மையான இழப்புன்னு நான் நினைக்கறேன், ஏன்னா ஊரு முழுக்க வேலை குடுத்தது அந்த ஷூதான், ஆயிரம் பவுண்டு ஷூ இல்ல. ரஷ்டன்ல 1899ல ஆரம்பிச்ச ஆல்ஃப்ரெட் சார்ஜென்ட் கொரோனாவோட மூடினப்ப எனக்கு தூக்கமே வரல, அவங்க விலை இந்த பெரிய பேருங்களோட எல்லாம் பாத்தா நியாயமாத்தான் இருந்துச்சு. உங்க கருத்து சொல்லுங்க.

வெள்ளை ஸ்னீக்கர்:
ப்ரோ உங்க வருத்தம் புரியுது, ஆனா நேராவே கேக்கறேன். யாரு இப்ப லெதர் சோல் ஷூ போடறா? பேங்க்லயே ஸ்னீக்கர் போட்டுட்டு வர்றாங்க, சூட்டே போடறதில்ல, வீட்ல இருந்து வேலை. ஆபீஸ்க்கு ஷூ வேணும்ங்கற கட்டாயம் இருந்ததாலதான் அந்த நடு மார்க்கெட் இருந்துச்சு, கட்டாயம் போச்சு, மார்க்கெட்டும் போச்சு. இதுல யார் மேல தப்பு சொல்ல முடியும்? நான் மூவாயிரம் ரூபாய்க்கு ஒண்ணு வாங்கறேன், ரெண்டு வருஷம் வருது, கால் வலிக்கல. இங்கிலீஷ் ஷூ போட்டு மாசக்கணக்கா கடிச்சு கடிச்சு பழக்கணும்னு சொல்றாங்க, எதுக்கு அந்த தண்டனை.

தோல்வாசம்:
@வெள்ளை ஸ்னீக்கர் நீங்க சொல்ற காரணம் நிஜம்தான், ஆனா கணக்கு பாத்தா அது கடைசி அடி, முதல் அடி கிடையாது. நடு மார்க்கெட் விழ ஆரம்பிச்சது ஸ்னீக்கர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. சார்ல்ஸ் க்ளோர்னு ஒரு பணக்காரர், 1953ல ஃப்ரீமேன் ஹார்டி வில்லிஸ் கடைங்கள வச்சிருந்த ஜே. சியர்ஸ் கம்பெனிய வளைச்சுப் போட்டார். அடுத்து 1956ல பிரிட்டிஷ் ஷூ கார்ப்பரேஷன்னு ஒண்ணு உருவாச்சு. டால்சிஸ், சாக்ஸோன், மேன்ஃபீல்ட், லில்லி அண்ட் ஸ்கின்னர்னு நாடு முழுக்க தெருவுக்குத் தெரு இருந்த ஷூ கடைங்க ஒவ்வொண்ணா அந்த ஒரே குடைக்குக் கீழ போச்சு. மேன்ஃபீல்டெல்லாம் நார்த்தாம்ப்டன்லயே சொந்த ஃபேக்டரி வச்சிருந்த பேரு. கடையும் ஃபேக்டரியும் ஒரே குடும்பம்கிற ஏற்பாடு அதோட முடிஞ்சுது. கடைக்காரன் கைல மொத்த அதிகாரமும் போயிருச்சு, அவன் இத்தாலில ஒரு பவுண்டு கம்மியா கிடைச்சா அங்க போவான், அப்புறம் பிரேசில், தைவான், சைனா. ஃபேக்டரி வச்சிருந்தவன் ஆர்டருக்காக வாசல்ல நிக்க வேண்டிய நிலைமை. 1990கள்ல அந்த கார்ப்பரேஷனையே துண்டு துண்டா வித்துட்டாங்க, ஆனா அதுக்குள்ள ஃபேக்டரிங்க போயாச்சு.

இத வச்சு இன்னொண்ணு பாருங்க. பிழைச்சவங்க யாரு? க்ராக்கெட் அண்ட் ஜோன்ஸ் ரொம்ப வருஷம் மத்தவங்க பேர்ல ஷூ தைச்சுக் குடுத்துட்டு இருந்தாங்க, அப்புறம் சொந்தப் பேரைப் போட ஆரம்பிச்சு 1990கள் கடைசில லண்டன் ஜெர்மின் ஸ்ட்ரீட்ல சொந்தக் கடை திறந்தாங்க. இன்னும் குடும்பத்துகிட்டயே இருக்கு. அடுத்தவன் லேபிளையே நம்பி உக்காந்திருந்த எத்தனையோ ஃபேக்டரிங்க பேரே இப்ப யாருக்கும் தெரியாது.

கெட்டரிங்காரன்:
நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது கெட்டரிங்கில, இஞ்ச வந்து கனகாலம். நீங்கள் எழுதுறதைப் பாக்க சந்தோசமா இருக்கு, எங்கட சனம் இந்த ஊரைப்பற்றி கதைக்கிறதே குறைவு. சப்பாத்துத் தொழிற்சாலையள் எண்டு இஞ்ச தெருவுக்கு ஒண்டு இருந்திருக்கு, இப்பவும் கட்டடங்கள் நிக்குது, சிவப்புச் செங்கல்லு, மூண்டு மாடி, வரிசை வரிசையா பெரிய யன்னல். முந்தி லைட் இல்லாத காலத்தில தோலின்ர குறை தெரியவேணுமெண்டு அப்பிடி யன்னல் வைச்சவை. இப்ப அதுக்குள்ள ஃப்ளாட். வாடகை கேட்டா தலை சுத்தும்.

ஒரு விசயம் வெளியால ஆக்கள் கவனிக்கிறேல்லை. இஞ்ச சப்பாத்து வேலைக்குப் போட்டி சீனா இல்லை, வேர்ஹவுஸ். எம்1, ஏ14 எண்ட பெரிய ரோட்டுகளை ஒட்டி, டாவென்ட்ரி, கெட்டரிங், கோர்பி எண்டு எங்க பாத்தாலும் மலை மாதிரி வேர்ஹவுஸ். நாட்டின்ர நடுவில இருக்கிறபடியால் எல்லாக் கம்பனியும் இஞ்சதான் சாமான் அடுக்கி வைக்குது. பதினெட்டு வயசுப் பெடியன் அங்க போய் பெட்டி தூக்கினா முதல் கிழமையே முழுச் சம்பளம். சப்பாத்துக் கம்பனியில சேந்தா ஒரு வேலையை ஒழுங்காப் பழகவே வருசம் எடுக்கும், சம்பளமும் அதைவிடப் பெருசா இல்லை. பிறகு எந்தத் தாய் தகப்பன் போ எண்டு சொல்லுவினம்? முந்தி தகப்பன், தாய், மாமன் எல்லாரும் ஒரே ஃபேக்டரி எண்டபடியால் பிள்ளையும் போனது. அந்தச் சங்கிலி அறுந்திட்டுது.

எனக்குத் தெரிஞ்ச ஒரு வெள்ளைக்கார மனுசி, பக்கத்துத் தெரு, க்ளோசிங் ரூமில நாப்பது வருசம் இருந்தவ. க்ளோசிங் எண்டா வெட்டின தோல் துண்டுகளை மெஷினில தைச்சு மேல்பாகமாக்கிறது, இஞ்ச எப்பவும் பொம்பிளையள்தான் அதைச் செய்தவை. அவ ஓய்வெடுத்த பிறகும் கம்பனி ரெண்டு தரம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டது, புதுசா வந்த பிள்ளையளுக்குப் பழக்கிறதுக்கு. அவவுக்குக் கை நடுங்குது இப்ப.

பாலாற்றங்கரை:
அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். ஆம்பூர்ல இருந்து எழுதறேன், ஷூ ஃபேக்டரிலதான் வேலை, மொதல்ல கட்டிங், இப்ப சூப்பர்வைசர். கெட்டரிங் அண்ணன் சொன்ன க்ளோசிங் ரூமை எங்க ஊர்ல ஸ்டிச்சிங்னு சொல்லுவோம், இங்கயும் பொம்பளைங்கதான் அதிகம், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, சுத்துப்பட்டு கிராமம் எல்லாத்துல இருந்தும் கம்பெனி பஸ்ல வருவாங்க.

எனக்கு மனசுல ஒரு வருத்தம், அத சொல்லிடறேன். இந்த மாதிரி பேச்சு வந்தாலே 'ஆசியாவுக்குப் போயிருச்சு, தரம் போச்சு'ன்னு முடிச்சிடறாங்க. க்ளார்க்ஸ்ங்கற இங்கிலாந்து ஷூ கம்பெனிக்கு எங்க ஊர்ல இருந்து வருஷக்கணக்கா சரக்கு போய்கினு இருக்கு. இங்கிலாந்துல பெரிய பேரு வச்சிருக்கற சில கம்பெனிங்களுக்கு அப்பரை, அதான் ஷூவோட மேல்பாகத்தை, இங்க தைச்சு அனுப்பறோம், அங்க லாஸ்ட்ங்கற கால் வடிவக் கட்டைல ஏத்தி வெல்ட் அடிச்சு சோல் தைச்சு பெட்டில போட்டா மேட் இன் இங்கிலாந்து. எங்க பொண்ணுங்க ஒரு இன்ச்சுக்குள்ள போடற தையலை எண்ணிப் பாருங்க, கோணல் இருக்காது. தரம்ங்கறது நாட்டுல இல்ல, எவ்ளோ டைம் குடுக்கறாங்கன்றதுல இருக்கு. ஒரு மணி நேரத்துக்கு இத்தனை ஜோடின்னு டார்கெட் வச்சா நார்த்தாம்ப்டன்லயும் கோணலாத்தான் வரும். எங்களுக்கு நல்ல தோலும் அந்த டைமும் குடுத்தா நாங்க குறைஞ்சவங்க இல்ல.

தோல்வாசம்:
@பாலாற்றங்கரை வ அலைக்கும் ஸலாம் பாய். நான் எழுதினது அப்படி பட்டிருக்கலாம், ஆனா நான் சொல்ல வந்தது ஊர் இழந்த வேலைய பத்திதான், உங்க கை வேலைய பத்தி ஒரு சந்தேகமும் இல்ல. லோக் கம்பெனியப் பாருங்க, 1880ன்னு பேரு போட்ட வரிசைய கெட்டரிங்ல தைக்கறாங்க, கீழ் விலை வரிசைங்க இந்தியாவுல செஞ்சு வருது, அத அவங்க மறைக்கல. அதனாலதான் அவங்களால முன்னூறு நானூறு பவுண்டு பக்கத்துல கெட்டரிங் ஷூவை இன்னும் விக்க முடியுது, ஒண்ணு இன்னொண்ண தாங்குது. எனக்குக் கோவம் மறைக்கறவங்க மேலதான். பாதி வேலைய இன்னொரு ஊரு பொண்ணு செஞ்சிருக்கா, அவ ஊர் பேரை எழுதினா விலை குறைஞ்சிடும்னு பயந்து மறைக்கறது அவளுக்கும் அநியாயம், நார்த்தாம்ப்டன்ல முழு ஷூவையும் உள்ளூர்லயே தைக்கறவனுக்கும் அநியாயம். அவன் செலவு பண்ணி க்ளோசிங் ரூம் வச்சிருக்கான், அடுத்தவன் அது இல்லாமலே அதே லேபிள் ஒட்டறான்.

செம்பட்டுக்காரன்:
வணக்கம் தோழர்களே. திருச்சி செம்பட்டு, பரம்பரையா தோல் பதனிடற வேலை. நம்ம ஊருக்கும் இந்த இங்கிலாந்து ஷூவுக்கும் உறவு நேத்து வந்தது இல்ல. ஆவாரம் பட்டைல ஊற வச்சுப் பதப்படுத்தின நம்ம மெட்ராஸ் மாகாணத் தோலு கப்பல்ல லண்டனுக்குப் போய் ஏலத்துல வித்துது, ஈஸ்ட் இந்தியா லெதர்னு அங்க பேரு, முதல் உலகப் போர் நேரத்துல இங்க பதப்படுத்தின மாட்டுத்தோலை ராணுவ பூட்ஸுக்குன்னு பிரிட்டிஷ் சர்க்காரே மொத்தமா எடுத்துக்கிச்சு. அந்த பூட்ஸை தைச்ச ஊருங்கதான் நீங்க மேல எழுதின ஊருங்க. ஈ.ஐ. லெதருக்கு இப்ப புவிசார் குறியீடும் இருக்கு, ஆனா செய்யற ஆளுங்க குறைஞ்சிட்டே வர்றோம், குரோம் உப்பு போட்டா சில நாள்ல முடியற வேலைக்கு பட்டைல வாரக்கணக்கா ஆகும்.

அதே கதைதான் அங்கயும். டெவன் பக்கம் கோலிட்டன்னு ஒரு ஊர்ல பேக்கர்னு ஒரு குடும்பம், 1862ல இருந்து ஓக் மரப்பட்டைல தோல் பதப்படுத்தறாங்க, பிரிட்டன்ல இந்த முறைல செய்யறவங்க இப்ப அவங்க மட்டும்தான். ஷூவோட அடி சோலுக்கான தோல் குழில இருந்து வெளிய வர ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். யோசிச்சுப் பாருங்க, இன்னிக்கு வாங்கின மாட்டுத்தோலுக்கு அடுத்த வருஷம்தான் காசு. எந்த பேங்க் இதுக்கு கடன் குடுக்கும்? ஷூ கம்பெனி நல்லா ஓடினாலும் இந்த மாதிரி ஒரு இடம் மூடினா அந்தத் தோலுக்கு மாத்து கிடையாது. எல்லாரும் ஷூ கம்பெனி பேரை மட்டும் பேசறீங்க, அதுக்குப் பின்னாடி நிக்கறவங்களையும் பேசணும்.

நூலும் ஊசியும்:
செம்பட்டு அண்ணா சொன்னது நூத்துக்கு நூறு. நான் லண்டன்ல இருக்கேன், ஷூ படிச்சேன், இப்ப கைத்தையல் ஷூ செய்யறவங்களுக்கு வெளியில இருந்து க்ளோசிங் செஞ்சு குடுக்கறேன். ரொம்ப நாளா இத எழுதணும்னு இருந்தேன்.

அளவெடுத்து செய்யற ஷூவுல ஒரு ஆள் எல்லாத்தையும் செய்யறதில்ல. காலை அளந்து மரத்துல லாஸ்ட் செதுக்கறது ஒருத்தர், அந்த லாஸ்ட்தான் எல்லாம், கால் வடிவக் கட்டை, அதுல ஒரு மில்லி தப்பினா சுண்டுவிரல் சொல்லிடும். தோல் வெட்டறவர் ஒருத்தர், க்ளிக்கர்னு பேரு, அவரு தோலைக் கைல தடவிப் பாத்தே எது முதுகு எது வயிறு எந்தப் பக்கம் இழுக்கும்னு சொல்லுவார், ஷூ முன்பக்கத்துக்கு முதுகுப் பக்கம்தான் எடுப்பார், ரெண்டு காலுக்கும் ஒரே தோல்ல பக்கத்துப் பக்கத்துலதான் வெட்டுவார், இல்லாட்டி ரெண்டு வருஷத்துல ஒண்ணு ஒரு நிறம் இன்னொண்ணு ஒரு நிறம் ஆயிடும். அப்புறம் என்னை மாதிரி க்ளோசர். அப்புறம் மேக்கர், அவர்தான் வெல்ட்டைக் கைல தைக்கறவர். இதுல பாதிப் பேர் கம்பெனி ஆளே கிடையாது, வீட்ல ஒரு ரூம்ல உக்காந்து ஜோடிக்கு இவ்ளோன்னு வாங்கறவங்க. லீவு கிடையாது, உடம்பு சரியில்லாட்டி காசு கிடையாது. கடைல அந்த ஷூ நாலாயிரம் அஞ்சாயிரம் பவுண்டு, அதுக்கும் மேல. கேக்கறவங்களுக்கு நாங்க எல்லாம் பணக்காரங்க மாதிரி தோணும். லண்டன் வாடகைல எங்களால ஒரு பழகற பிள்ளைய பக்கத்துல உக்கார வைக்க முடியல, அதான் உண்மை. கத்துக் குடுக்கற நேரம் நான் தைக்க முடியாது, தைக்காட்டி வாடகை இல்ல.

இங்க ஹெரிடேஜ் கிராஃப்ட்ஸ்னு ஒரு அமைப்பு அழியற நிலைல இருக்கற கைத்தொழில்களுக்கு 2017ல இருந்து ஒரு சிவப்புப் பட்டியல் போடறாங்க. மரச்செருப்பு, அதான் க்ளாக், அது அதுல மிக மோசமான நிலைல இருக்கு. லண்டன்ல கார்ட்வெய்னர்ஸ் காலேஜ்னு 1887ல தோல் தொழிலுக்குன்னே ஆரம்பிச்ச பள்ளி இருந்துச்சு, 2000ல அது லண்டன் காலேஜ் ஆஃப் ஃபேஷனோட சேந்துருச்சு. படிப்பு இன்னும் நல்லாத்தான் இருக்கு, ஆனா வெளிய வர்ற பிள்ளைங்கள்ல முக்கால்வாசி டிசைன் பண்ணத்தான் ஆசைப்படறாங்க, பெஞ்ச்ல உக்கார இல்ல. தப்புன்னு சொல்ல மாட்டேன், பெஞ்ச்ல சம்பளம் அப்படி.

வெள்ளை ஸ்னீக்கர்:
அக்கா படிச்சதும் கஷ்டமா இருக்கு. சரி ஒரு கேள்வி, ஆளுங்க வரமாட்டேங்கறாங்கன்னா மெஷின் வைக்கலாமே? ரோபோ வச்சு உள்ளூர்லயே செஞ்சா கப்பல் செலவு மிச்சம், மேட் இன் இங்கிலாந்து லேபிளும் கிடைக்கும்.

தோல்வாசம்:
செஞ்சு பாத்தாங்க ப்ரோ. க்ளார்க்ஸ் 1825ல சாமர்செட்ல ஸ்ட்ரீட்ங்கற கிராமத்துல ரெண்டு அண்ணன் தம்பி ஆரம்பிச்சது. 2005 வாக்குல சொந்த ஊர்ல ஷூ செய்யறதையே நிறுத்திட்டாங்க. அப்புறம் அதே ஊர்ல ரோபோ உதவியோட டெஸர்ட் பூட்ஸ் செய்யறோம்னு ஒரு யூனிட் போட்டாங்க, 2018ல ஓட ஆரம்பிச்சு 2019லயே மூடியாச்சு. டெஸர்ட் பூட்ஸ் அமைப்புல ரொம்ப எளிமையான பூட்ஸ், ரெண்டு துண்டு ஸ்வேட், ஒரு ரப்பர் சோல். அதுக்கே அந்த நிலைமை. தோல் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இழுக்கும், தடிமன் மாறும், பூச்சிக்கடி இருக்கும், முள்ளு கீறல் இருக்கும். 2021ல க்ளார்க்ஸ்ல பெரும்பங்கு ஹாங்காங் முதலீட்டுக் கம்பெனிகிட்ட போச்சு.

மெஷினே வேணாம்னு நான் சொல்லலங்க. நார்த்தாம்ப்டனே மெஷின்லதான் வாழ்ந்துச்சு. 1857ல இருந்து 59 வரைக்கும் தையல் மெஷின் வரக் கூடாதுன்னு அந்த ஊர் தொழிலாளிங்க போராடி தோத்தாங்க. அப்புறம் வந்த குட்இயர் வெல்ட் மெஷின்தான் இன்னிக்கு நம்ம 'பாரம்பரியம்'னு சொல்ற ஷூவோட அடிப்படையே. அப்பரோடயும் உள்ள இருக்கற இன்சோலோடயும் சேத்து ஓரமா ஒரு தோல் பட்டைய தைச்சு, அந்தப் பட்டைல சோலைத் தனியா தைக்கறது. அதனாலதான் சோல் தேஞ்சா அப்பரைத் தொடாம கழட்டி மாத்த முடியுது. மொத்தம் இருநூறு வேலைக்கு மேல, ஏழெட்டு வாரம் ஆகும் ஒரு ஜோடி வெளிய வர.

கெட்டரிங்காரன்:
போராட்டம் எண்டு சொன்னதும் ஒண்டு ஞாபகம். இஞ்சருந்து கொஞ்சத் தூரத்தில ரோண்ட்ஸ் எண்டு ஒரு கிராமம். ராணுவ பூட்ஸ் தைச்ச ஆக்கள், அரசாங்கம் சொன்ன கூலியை முதலாளிமார் தரேல்லை எண்டு 1905ல ஜேம்ஸ் க்ரிபிள் எண்டவர் தலைமையில லண்டனுக்கு நடந்தே போனவை. நூறுக்கு மேற்பட்ட ஆக்கள். ஊர்ச் சனம் வழி நெடுக சாப்பாடு குடுத்ததாம். அந்த ஊரில இப்பவும் அதைப் பெருமையாச் சொல்லுவினம்.

வொல்லஸ்டன் கதையையும் சொல்லவேணும். 1881ல அஞ்சு பேர் சேந்து கூட்டுறவாத் தொடங்கினது என்.பி.எஸ். எண்ட சப்பாத்துக் கம்பனி. பிறகு அதே ஊரில க்ரிக்ஸ் குடும்பம் ஒரு ஜெர்மன் டாக்குத்தரின்ர காத்துச் சோலுக்கு உரிமை வாங்கி 1960 ஏப்ரல் 1ம் திகதி டாக் மார்ட்டின்ஸ் பூட்ஸை வெளியால விட்டது. அந்தத் திகதிதான், 1-4-60, அந்த பூட்ஸுக்கு 1460 எண்ட பேர். தபால்காரர், ஃபேக்டரித் தொழிலாளி எண்டு சாதாரண சனம் போட்ட பூட்ஸ், தோல்வாசம் கேக்கிற அந்த நடு விலைக்குச் சரியான சாட்சி. 2003ல கிட்டத்தட்ட முழுக்க ஆசியாவுக்குக் கொண்டு போட்டினம், இஞ்ச ஆயிரம் பேருக்கு மேல வேலை போனது. பிறகு 2007ல பழைய கோப்ஸ் லேன் ஃபேக்டரியில கொஞ்சம் திரும்பத் தொடங்கிச்சினம், ஆனா அது விலை கூடின வரிசை. 2021ல கம்பனி லண்டன் பங்குச் சந்தைக்குப் போச்சு. ஆனா பாருங்கோ, என்.பி.எஸ். முந்தி அவைக்கு உரிமத்தில பூட்ஸ் செய்து குடுத்தது, இப்ப அதே மாதிரிப் பூட்ஸை சொலோவேர் எண்ட பேரில அதே வொல்லஸ்டனில செய்யுது, இருநூறு பவுண்ஸ் பக்கத்தில விக்குது. எனக்கு அதைப் பாக்கேக்க நம்பிக்கை வருது. நடு விலை முழுசாச் சாகேல்லை, மூச்சிருக்கு.

தோல்வாசம்:
அண்ணே சொலோவேர் நான் எழுத மறந்தது இல்ல, அது யாராவது உள்ளூர் ஆளு சொன்னாத்தான் எடை வரும்னு காத்துட்டு இருந்தேன். கரெக்டா சொன்னீங்க. பூட்ஸ்ங்கறதால தப்பிச்சுதுன்னு நினைக்கறேன், ஜீன்ஸுக்கு பூட்ஸ் போடறவன் இன்னும் இருக்கான், ஆபீஸ் ஆக்ஸ்ஃபோர்ட் ஷூவுக்குத்தான் ஆளில்ல. ட்ரிக்கர்ஸும் அப்படித்தான், கிராமத்து பூட்ஸை ஜப்பான் இளைஞருங்க தூக்கி வச்சாங்க.

இப்ப பெரிய முதலாளி விஷயத்துக்கு வர்றேன், இதுல எனக்கு ரெண்டு மனசு. சர்ச்சஸை 1999ல ப்ராடாங்கற இத்தாலி ஃபேஷன் கம்பெனி வாங்குச்சு. ஜான் லாப் பேரும் பாரிஸ் கடையும் 1976லயே ஹெர்மேஸ்ங்கற பிரெஞ்சு கம்பெனிகிட்ட போயிருச்சு, ரெடிமேட் ஷூ அவங்கதான் செய்யறாங்க, லண்டன் செயின்ட் ஜேம்ஸ் ஸ்ட்ரீட் கடை மட்டும் குடும்பத்துகிட்ட. பெரிய கை வந்ததால ஃபேக்டரி ஓடுது, வேலை நிக்குது, அத மறுக்க முடியாது. ஆனா விலை? ப்ராடா வாங்கறதுக்கு முன்னாடி சர்ச்சஸ் நல்ல உத்யோகத்துல இருக்கறவன் வாங்கற ஷூ. இப்ப ஏர்போர்ட் கடை, ஃபேஷன் தெரு விலை. அதுலயும் அந்த பளபளன்னு பூச்சு போட்ட தோல், பாலிஷ்ட் பைண்டர்னு சொல்லுவாங்க, தோலோட மேல்பக்கத்தைத் தேய்ச்சு மேல கோட்டிங் குடுத்தது. ஆயிரம் பவுண்டு பக்கத்துல வாங்கிட்டு அதுவா? அது வெடிச்சா சரி பண்ணவும் முடியாது. எனக்கு அது புடிக்கல, நேரா சொல்றேன்.

இதுக்கு எதிர்ப்பக்கம் ஜோசப் சீனி (Cheaney) ஷூ கம்பெனி. டெஸ்பரோல 1886. 1966ல சர்ச்சஸ் வாங்கினது, 2009ல அந்த சர்ச் குடும்பத்துலயே ஜொனாதன், வில்லியம்னு ரெண்டு பேர் ப்ராடாகிட்ட இருந்து பிரிச்சு எடுத்து தனியா நடத்தறாங்க. வெட்டறதுல இருந்து பெட்டில போடறது வரைக்கும் அந்த ஒரே கட்டடம். விலை சர்ச்சஸை விட எவ்ளோ கீழ. எட்வர்ட் க்ரீன் கதை இன்னும் பெருசு, 1980கள்ல கடன்ல முழுகி நின்னப்ப ஜான் ஹ்லுஸ்டிக்னு ஒருத்தர் கடனோட சேத்து ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கினார்னு சொல்லுவாங்க. அந்த மாதிரி ஒரு மனுஷன் வந்தா ஒரு பேரே பிழைக்குது.

இன்னொரு சின்ன விஷயம், ஆனா நான் அடிக்கடி நினைக்கறது. க்ராக்கெட்டும் ஜோன்ஸும் 1879ல ஆரம்பிச்சப்ப கைல இருந்தது ஆளுக்கு நூறு பவுண்டு, அதுவும் தாமஸ் வைட் அறக்கட்டளை குடுத்தது. நல்ல நடத்தை உள்ள இளைஞருங்க சொந்தத் தொழில் தொடங்கறதுக்குன்னு வச்ச தர்மக் காசு. நம்ம நூலும் ஊசியும் சொன்ன அந்த பழகற பிள்ளைக்கு பக்கத்துல உக்கார ஒரு வருஷச் செலவை இப்ப யாரு குடுக்கறா?

நூலும் ஊசியும்:
கொஞ்சம் குடுக்கறாங்க, முழுசா இல்லன்னு சொல்ல மாட்டேன். க்யூஸ்ட்னு ஒரு அறக்கட்டளை கைத்தொழில் கத்துக்கறவங்களுக்கு ஸ்காலர்ஷிப் தருது, ஷூ செய்யறவங்க சிலர் அதுல வளந்திருக்காங்க. ஆனா அது கத்துக்கறவங்களுக்கு. கத்துக் குடுக்கறவங்க இழக்கற நேரத்துக்கு யாரு குடுப்பா, அங்கதான் ஓட்டை. அப்புறம் 2021ல இருந்து டூரிஸ்ட்டுங்களுக்கு வாட் வரியைத் திருப்பிக் குடுக்கறதை நிறுத்திட்டாங்க, அதே நேரம் பிரெக்ஸிட் பேப்பர் வேலை வேற. ஜெர்மின் ஸ்ட்ரீட்ல வாங்கிட்டு இருந்த வெளிநாட்டுக்காரர் இப்ப பாரிஸ்ல வாங்கறார். இது நேரா எங்க பெஞ்ச்ல தெரிஞ்சுது, ஆர்டர் குறைஞ்சுது.

பாலாற்றங்கரை:
தங்கச்சி, ஒரு சந்தேகம். க்ளோசிங்க்கு ஆளே இல்லன்றீங்க, எங்க ஊர்ல இருபது வருஷம் ஸ்டிச்சிங் பண்ண பொண்ணுங்க இருக்காங்க, ஆர்டர் இல்லாதப்ப வேலை இல்லாம நிக்கறாங்க. அங்க வேலைக்கு எடுக்க முடியாதா? மனசாரக் கேக்கறேன்.

கெட்டரிங்காரன்:
பாய், நானும் இதை இஞ்ச ஒரு கம்பனிக்காரரிட்டக் கேட்டுப் பாத்தனான். சட்டம் விடாது. வேலை விசாவுக்குச் சம்பள எல்லை 2024ல 38,700 பவுண்ஸ், 2025 ஜூலையில இருந்து 41,700, அதோட வேலை பட்டப்படிப்புத் தரத்தில இருக்கவும் வேணும். மெஷினில தைக்கிற வேலைக்கு அந்தச் சம்பளமும் இல்லை, அதைப் பட்டப்படிப்பு வேலை எண்டு கணக்கெடுக்கவும் மாட்டினம். நாப்பது வருசம் தைச்ச மனுசிக்கே அந்தச் சம்பளம் கிடைக்கேல்லை.

பாலாற்றங்கரை:
அப்படியா. சரி, இன்னா பண்றது. அப்பரை இங்க தைச்சு அனுப்பறதுதான் அப்ப ஒரே வழி, ஆனா அத பெட்டி மேல எழுதணும், 'அப்பர் ஆம்பூர், ஷூ நார்த்தாம்ப்டன்'னு. எங்க பொண்ணுங்க அதப் பாத்தா சந்தோஷப்படுவாங்க.

மதுரை மாப்ள:
ரொம்ப நேரமா படிச்சுட்டே இருக்கேன், அருமை. வேலைக்கு சேந்து முதல் தடவையா ஒரு நல்ல வெல்ட் ஷூ வாங்கலாம்னு இருக்கேன், கல்யாணத்துக்கும் ஆகணும் ஆபீஸ்க்கும் ஆகணும். இங்கிலாந்து ஷூ வாங்கற அளவு காசு இல்ல. என்ன பாக்கணும், எதுல ஏமாறக் கூடாது?

நூலும் ஊசியும்:
தம்பி, பேரைப் பாக்காதீங்க, சோல் மாத்தித் தருவாங்களான்னு மட்டும் கேளுங்க. வெல்ட்ல தையல் மாதிரி வரைஞ்சு வச்சு ஒட்டின சோல் நிறைய வருது, அத நகத்தால தூக்கிப் பாருங்க, நூல் நிஜமா உள்ள போகுதான்னு. நார்த்தாம்ப்டன் ஷூ பழசா கிடைச்சா பயப்படாம வாங்கலாம், அப்பர்ல வெடிப்பு இல்லாம இருந்தா போதும். ஃபேக்டரிக்கு அனுப்பினா அந்த ஷூ பொறந்த அதே லாஸ்ட்லயே திரும்ப ஏத்தி, சோலுக்குள்ள அடைச்சிருக்கற பழைய கார்க் எல்லாம் எடுத்துட்டு, புது வெல்ட், புது சோல் போட்டுத் தருவாங்க. சாயந்திரமாப் போய் அளவு பாருங்க, கால் கொஞ்சம் வீங்கி இருக்கும். நீளம் மட்டும் இல்ல, அகலமும் கேளுங்க, இங்கிலீஷ் ஷூவுல இ, எஃப், ஜின்னு அகலம் தனியா இருக்கும். நம்ம ஊர்க் காலுக்கு பெரும்பாலும் எஃப், ஜிதான் சரியா வரும், சின்ன வயசுல இருந்து செருப்புலயே நடந்த காலு விரிஞ்சு இருக்கும்.

பாலாற்றங்கரை:
தம்பி, ஆம்பூர் பக்கம் வந்தா ஃபேக்டரி அவுட்லெட் கடைங்க நிறைய இருக்கு, எக்ஸ்போர்ட்ல மிஞ்சினது வரும். வெல்ட் ஷூ தினமும் வராது, வந்தா நானே கைல எடுத்துப் பாத்து சொல்றேன். உங்க கால் அளவும் அகலமும் தனி மெசேஜ்ல அனுப்புங்க.